சந்து எப்போது வீடாகிறது? ஓய்வுநாளில் பொருள் சுமப்பது குறித்த யூதச் சட்டம்

கோலார் தங்கவயலின் தொழிலாளர் குடியிருப்புகளை அங்குள்ளோர் 'லைன்' என்றே அழைக்கின்றனர். சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் எனச் சுரங்கங்களை ஒட்டி வரிசை வரிசையாக எழுந்த அச்சிறு வீடுகளில் இடம் போதாத குடும்பங்களுக்கு, வாசலுக்கு எதிரே உள்ள சந்தே முற்றமாகவும் பயன்பட்டு வந்துள்ளது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னரும் லைன்கள் எஞ்சியுள்ளன. இத்தகைய சந்து தெருவைச் சேர்ந்ததா, வீட்டைச் சேர்ந்ததா என்று அங்கு எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

ஆனால் யூதச் சட்டம் இதே கேள்வியை ஏறத்தாழ 2,000 ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. அதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே, நடை பயிலாத குழந்தையுடன் ஒரு தாய் சனிக்கிழமை வீட்டை விட்டு வெளியே வரலாமா, கூடாதா என்பது முடிவாகிறது.

யூதர்களின் ஓய்வுநாளான சபாத், வெள்ளிக்கிழமை சூரியன் மறையும் முன் தொடங்கி சனிக்கிழமை இருட்டிய பின் முடிவடைகிறது. அந்நாளில் விலக்கப்பட்ட வேலைகளை யூதச் சட்டம் 39 வகைகளாகப் பிரிக்கிறது. கொங்கணக் கரையில் செக்காட்டி வாழ்ந்த பெனே இஸ்ரேல் யூதர்கள் சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால்தான் அவர்களுக்கு 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்ற பெயர் ஏற்பட்டது. 39 வகைகளில் கடைசியாக வருவது, ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குப் பொருளைக் கொண்டு செல்வது. இங்கே எடை ஒரு பொருட்டன்று. வீட்டுக்குள் மேசையையும் நகர்த்தலாம். வீட்டிலிருந்து பொதுச் சாலைக்குச் சாவியையோ கைக்குட்டையையோ கூட எடுத்துச் செல்லக் கூடாது. சாலையிலேயே கிடக்கும் பொருளையும் நான்கு முழத்துக்கு அப்பால் சுமக்கக் கூடாது.

வீடு தனியிடம், நெடுஞ்சாலை பொதுவிடம் என்பதில் குழப்பமில்லை. சிக்கல் இரண்டுக்கும் நடுவில் உள்ள சந்தில்தான் தொடங்குகிறது. பழைய பாலஸ்தீன ஊர்களில் பல வீடுகள் ஒரு முற்றத்தையும், பல முற்றங்கள் ஒரு சந்தையும் பார்த்திருந்தன. மூன்று பக்கம் அடைபட்டு ஒரு பக்கம் சாலையை நோக்கித் திறந்த இச்சந்துக்கு 'மாவோய்' என்று பெயர். கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பின் ஏருவின் பகுதி, இந்தச் சந்தைப் பற்றியே தொடங்குகிறது.

சட்ட அறிஞர்கள் சந்தில் இரண்டு குறைகளைக் கண்டனர். ஒரு பக்கம் திறந்திருப்பதால் அது சாலையைப் போலத் தோன்றுகிறது; பலர் வாழ்வதால் அது எவருக்கும் முழு உரிமையான இடமாக இல்லை. இரண்டும் தீர்ந்தால்தான் அதில் பொருளைச் சுமக்கலாம்.

முதற்குறைக்கான தீர்வு எளிது. சந்தின் வாயிலில் ஒரு பக்கமாக ஒரு கம்பத்தை நிறுத்த வேண்டும், அல்லது மேலே குறுக்காக ஓர் உத்திரத்தை வைக்க வேண்டும். ஷம்மாய் வழியினர் இரண்டும் வேண்டும் என்றனர். ஹில்லேல் வழியினர் ஒன்றே போதும் என்றனர். உத்திரம் 20 முழத்துக்கு மேல் உயரக் கூடாது. வாயில் 10 முழத்துக்கு மேல் அகலக் கூடாது. இருபுறமும் கம்பம் நட்டு மேலே குறுக்குச் சட்டம் வைத்து முழுமையான வாசல் வடிவம் அமைத்தால், அகலத்துக்கான வரம்பு தளர்கிறது. சிறிய விலக்காகத் தோன்றும் இந்த விதியே பிற்காலத்தில் பெருநகரங்கள் வரை நீண்டது.

இரண்டாம் குறைக்கான தீர்வு உணவு. முற்றத்தைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டார் தலைக்கு ஓர் அப்பம் தந்து ஒரே இடத்தில் வைப்பர். சந்து முழுவதற்கும் என்றால் ஒரு சாடி திராட்சை மதுவோ எண்ணெயோ பொதுவில் வைக்கலாம். ஒரே உணவுக்கு உரியவர்கள் ஒரே வீட்டார் என்பதே இதன் தர்க்கம். 'கலப்பு' என்று பொருள்படும் 'ஏருவ்' என்ற சொல்லும் இங்கிருந்தே வருகிறது. அப்பம் சிறியதானாலும் முழுமையாக இருக்க வேண்டும். பெரிய அப்பத்தின் துண்டு செல்லாது. நான் முழு அப்பம் தந்தேன், நீ துண்டைத் தந்தாய் என்று அண்டை வீட்டாருக்குள் மனக்கசப்பு வரக் கூடாது என்பதே தல்மூத் கூறும் காரணம். குடித்தனக்காரர்களை நன்கு அறிந்தவர்கள் எழுதிய சட்டம் என்பதில் ஐயமில்லை.

எருசலேம் தல்மூதில் ஒரு கதை உண்டு. தோழியோடு பகை கொண்டிருந்த ஒரு பெண், தன் பங்கு உணவை மகனிடம் கொடுத்து அவள் வீட்டுக்கு அனுப்புகிறாள். அவள் சிறுவனை அணைத்து முத்தமிடுகிறாள். மகன் வந்து சொன்னதும், இவ்வளவு அன்பு இருந்தது தெரியாமல் போயிற்றே என்று தாய் வருந்த, இருவரும் சமாதானமாகின்றனர்.

எல்லாச் சந்திலும் இவ்வாறு நடக்கும் என்று சொல்ல முடியாது. சேர வேண்டிய ஒருவர் சேராவிட்டால் சந்து முழுவதற்கும் தடை விழும். அவர் தம் உரிமையை அந்நாளுக்கு விட்டுக்கொடுத்தால் தடை நீங்கும். ரப்பிகளின் வாய்மொழிச் சட்டத்தை ஏற்காத ஒரு சதுசேயர் எருசலேமில் தங்கள் சந்தில் குடியிருந்ததாக ரப்பான் கமாலியேல் நினைவுகூர்கிறார். அவர் மனம் மாறித் தம் பொருட்களை வெளியே எடுத்துவைக்கும் முன் நம் பாத்திரங்களைச் சந்துக்குக் கொண்டு போய்விடுங்கள் என்று தந்தை அவசரப்படுத்தினாராம். யூதரல்லாதவர் அண்டை வீட்டில் இருந்தால் அவரிடமிருந்து பெயரளவுத் தொகைக்கு உரிமையை வாடகைக்குப் பெற வேண்டும்.

இன்றைய நகரங்களில் சந்தின் இடத்தில் முழுக் குடியிருப்புப் பகுதியே உள்ளது. வாசல் வடிவ விதிப்படி மின்கம்பங்கள் நிலைகளாகவும், மேலே செல்லும் கம்பி குறுக்குச் சட்டமாகவும் கொள்ளப்படுகின்றன. நகர நிர்வாகத்திடமிருந்து பெயரளவுக் குத்தகை பெறப்படுகிறது. லண்டனின் வடமேற்கில் ஹெண்டன், கோல்டர்ஸ் கிரீன் பகுதிகளைச் சூழ்ந்து சுமார் 18 கிலோமீட்டர் சுற்றளவுள்ள ஏருவ், பல ஆண்டு எதிர்ப்புக்குப் பின் 2003-இல் நடைமுறைக்கு வந்தது.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள டெனாஃப்லை நகரில் சண்டை நீதிமன்றம் வரை சென்றது. மின்கம்பங்களில் பொருத்தப்பட்ட மெல்லிய கறுப்புப் பிளாஸ்டிக் பட்டைகளை அகற்ற 2000-இல் நகர மன்றம் முடிவெடுத்தது. கம்பங்களில் எதையும் பொருத்தக் கூடாது என்ற விதியை நகரம் காட்டியது. வீட்டு எண் பலகைகளையும் பிற அறிவிப்புகளையும் கண்டுகொள்ளாத நகரம், இதற்கு மட்டும் விதியைப் பயன்படுத்தியதைச் சுட்டிக்காட்டி, 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏருவ் தரப்புக்கு இடைக்காலப் பாதுகாப்பு வழங்கியது.

வரம்பு எங்கேனும் அறுந்தால் அது செல்லாது. ஆகவே ஒவ்வொரு வாரமும் சபாத் தொடங்கும் முன் கம்பியைச் சுற்றிப் பார்ப்பது வழக்கம். புயலில் ஒரு கம்பி அறுந்து, சரிசெய்ய நேரமில்லாவிட்டால் அந்த வாரம் ஏருவ் இல்லை என்று அறிவிக்கப்படும். அன்று குழந்தை வண்டிகள் வீட்டுக்குள்ளேயே நிற்கும்.