புல்வெளி நடுவே ஒரு கோர்ட்டு மாளிகை!

அமெரிக்காவின் நடுப்பகுதியில் கான்சாஸ் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அதன் கிழக்குப் பக்கத்துக் குன்றுகளில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்வெளி. அந்தப் புல்வெளி நடுவே ஒரு சின்ன ஊர். பெயர், காட்டன்வுட் பால்ஸ். அங்கே ஆயிரம் பேர்கூட இல்லை.

ஆனால், அந்த ஊரின் கடைத் தெருவில் நடந்து போனால், தெருக் கோடியில் ஒரு பெரிய மாளிகை எழுந்து நிற்கிறது! வெள்ளைக் கல் சுவர்கள். சரிந்த கூரை. உச்சியில் மணிக்கூண்டு. "இது எந்த ராஜாவின் அரண்மனை?" என்று கேட்கத் தோன்றும்.

அது அரண்மனை அல்ல. சேஸ் ஜில்லாவின் கோர்ட்டு! 1873-ம் ஆண்டில் கட்டியது. கான்சாஸ் மாநிலத்தில் இன்றும் நடந்து வருகிற கோர்ட்டு கட்டடங்களில் இதுதான் மிகப் பழையது.

இவ்வளவு சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய கோர்ட்டு எதற்கு? அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

ஜில்லா பிறந்தது

அமெரிக்க மாநிலங்களில் "கவுண்டி" என்ற பிரிவுகள் உண்டு. ஜில்லா என்று வைத்துக்கொள்ளலாம். சேஸ் ஜில்லா 1859-ல் உண்டாயிற்று. அப்போது கான்சாஸ் ஒரு மாநிலமாகக்கூட ஆகவில்லை. 1861-ல்தான் ஆயிற்று.

அந்த நாளில் அமெரிக்காவையே ஆட்டி வைத்த கேள்வி ஒன்று உண்டு. கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்திருக்கலாமா, கூடாதா என்பதே அது. இதற்காகக் கான்சாஸில் ரத்தம் சிந்தியது. கடைசியில், அடிமை முறை கூடாது என்றவர்களே வென்றார்கள்.

அந்தக் கொள்கைக்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர் சால்மன் சேஸ் என்ற வக்கீல். தப்பி ஓடி வந்த அடிமைகளுக்காகக் கோர்ட்டில் வாதாடியவர். அவர் பெயரையே ஜில்லாவுக்கு வைத்தார்கள். 1864-ல் அவர் அமெரிக்காவின் தலைமை நீதிபதியானார்.

அதே கொள்கை உடைய இன்னொருவர் சாமுவேல் வுட். அவர் 1859-ல் காட்டன்வுட் பால்ஸுக்கு வந்து ஒரு பத்திரிகை தொடங்கினார். இவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் இவர் மறுபடியும் வருவார்.

கோர்ட்டு இருந்தால்தான் ஊர்!

அங்கே ஜில்லா கோர்ட்டு என்றால், வழக்கு நடக்கும் இடம் மட்டும் அல்ல. நிலப் பத்திரம் பதிவது அங்கேதான். வரி கட்டுவது அங்கேதான். கல்யாணத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்குவதும் அங்கேதான்.

ஆகவே, ஜில்லா முழுவதும் உள்ள குடியானவர்கள் கோர்ட்டு இருக்கும் ஊருக்கு வந்தே தீர வேண்டும். வந்தவர்கள் சாப்பிடுவார்கள், சாமான் வாங்குவார்கள், குதிரைக்கு லாடம் அடிப்பார்கள். ஊர் பிழைக்கும். கோர்ட்டு கைவிட்டுப் போனால் ஊரும் போய்விடும்!

1871-ல் சேஸ் ஜில்லாவுக்கு ரெயில் வந்தது. ஆனால், அது காட்டன்வுட் பால்ஸுக்குள் வரவில்லை. வடக்கே கொஞ்ச தூரம் தள்ளிப் போயிற்று. ரெயில் நின்ற இடத்தில் இன்னொரு ஊர் முளைத்தது. இன்று அதன் பெயர் ஸ்டிராங் சிட்டி.

ரெயில் அந்த ஊருக்குப் போனாலும், கோர்ட்டு இந்த ஊரில் நிலைத்தது.

கல்லும் மரமும்

கோர்ட்டை மரப் பலகையால் கட்டவில்லை. அந்த மண்ணில் கிடைத்த சுண்ணாம்புக் கல்லாலேயே கட்டினார்கள். ஜான் ஹேஸ்கெல் என்ற கட்டடக் கலைஞர் படம் போட்டுக் கொடுத்தார். சுமார் 40 ஆயிரம் டாலர் செலவாயிற்று. புதிதாகக் குடியேறிய ஏழைக் குடியானவர்களுக்கு அது பெரிய தொகை.

உள்ளே மாடிக்கு ஏற ஒரு சுழல் படிக்கட்டு. அது கறுப்பு அக்ரூட் மரத்தால் செய்தது. வழக்கு நடக்கும் பெரிய கூடம் மாடியில் இருக்கிறது. கைதிகளை அடைக்கச் சிறை அறையும் அதே கட்டடத்தில் இருந்தது.

1873-ம் ஆண்டில் நடந்தவை

கோர்ட்டு கட்டி முடிந்த அதே 1873-ம் ஆண்டில் இன்னும் இரண்டு சம்பவங்கள் நடந்தன.

மே மாதம் சால்மன் சேஸ் காலமானார். தம் பெயர் தாங்கிய ஜில்லாவின் கோர்ட்டு திறந்ததைக் காண அவர் இல்லை.

ஜூன் மாதம் நடந்தது அதைவிடத் துயரமானது. அந்த வட்டாரத்தின் பூர்வ குடிகள் கா என்ற செவ்விந்தியர்கள். கான்சா என்றும் அவர்களைச் சொல்வார்கள். மாநிலத்தின் பெயரே அவர்களிடமிருந்து வந்ததுதான்! அவர்களின் நிலத்தை ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தம் போட்டுச் சர்க்கார் சுருக்கிக்கொண்டே வந்தது. கடைசியில், பக்கத்து ஜில்லாவில் மிஞ்சியிருந்த இடத்தையும் விட்டுத் தெற்கே ஒக்லஹோமாவுக்குப் போகச் செய்தது. 500 பேருக்கு மேல் புறப்பட்டுப் போனார்கள்.

ஒரு பக்கம், நிலப் பத்திரம் பதியக் கல் மாளிகை எழுந்தது. மறுபக்கம், அந்த நிலத்தில் காலங்காலமாக வாழ்ந்தவர்கள் வெளியேறினார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், கா மக்கள் தங்கள் பழைய ஊருக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலம் வாங்கினார்கள். தங்களுடையதாக இருந்த மண்ணையே விலை கொடுத்து வாங்கினார்கள்!

ரத்தம் சிந்திய சண்டை

பத்திரிகை தொடங்கிய சாமுவேல் வுட் பிறகு என்ன ஆனார்?

1880-களில் அவர் கான்சாஸின் தென்மேற்கு மூலைக்குப் போனார். அங்கே ஸ்டீவன்ஸ் என்று ஒரு புது ஜில்லா உண்டாயிருந்தது. தம் பெயரில் உட்ஸ்டேல் என்று ஓர் ஊரைத் தொடங்கினார். எதிரே ஹியூகோட்டன் என்று ஓர் ஊர். கோர்ட்டு எந்த ஊருக்கு? இதில்தான் சண்டை மூண்டது.

1888-ம் ஆண்டு ஜூலை மாதம், உட்ஸ்டேல் பக்கத்துப் போலீஸ் அதிகாரியையும் அவருடன் இருந்த மூவரையும் எதிர்க் கட்சியார் சுட்டுக் கொன்றார்கள். 1891-ல் சாமுவேல் வுட்டையே ஹியூகோட்டனில் சுட்டுக் கொன்றார்கள். அதுவும் எங்கே? கோர்ட்டு நடந்த கட்டடத்தின் வாசலில்! சுட்டவருக்குத் தண்டனையே கிடைக்கவில்லை.

ஹியூகோட்டனுக்குக் கோர்ட்டு கிடைத்தது. அந்த ஊர் இன்றும் இருக்கிறது. உட்ஸ்டேல் அழிந்து போயிற்று.

கோர்ட்டு என்றால் ஊரின் உயிர் என்பது இப்போது புரிகிறது அல்லவா?

கலப்பை தோற்ற மண்

கான்சாஸ் முழுவதும் கோதுமை விளைகிறது. சேஸ் ஜில்லாவிலோ இன்னும் புல்தான் அதிகம். காரணம், கல்!

மேல் மண் மெல்லியது. கொஞ்சம் தோண்டினால் சுண்ணாம்புக் கல்லும் சக்கிமுக்கிக் கல்லும் தட்டுப்படும். கலப்பை இறங்காது. ஆகவே, குடியானவர்கள் ஆற்றோரப் பள்ளத்தில் மட்டும் பயிர் செய்தார்கள். மேட்டில் மாடு மேய்த்தார்கள். வசந்த காலத்தில் காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பார்கள். சில நாளில் பச்சைப் பசேல் என்று புதுப் புல் துளிர்க்கும். நல்ல ஆண்டில் அது ஆள் உயரத்துக்கு மேல் வளரும்.

ஒரு காலத்தில் அமெரிக்காவில் இத்தகைய உயரப் புல்வெளி சுமார் 17 கோடி ஏக்கர் இருந்தது. இன்று நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லை. மிஞ்சியதில் பெரும் பகுதி இந்தக் குன்றுகளில்தான் இருக்கிறது. 1996-ல் சேஸ் ஜில்லாவில் 10,894 ஏக்கரைத் தேசியப் புல்வெளிக் காப்பிடமாக அறிவித்தார்கள். 2009-ல் பைசன் என்ற காட்டெருதுகளையும் மறுபடி அங்கே கொண்டு வந்து விட்டார்கள்.

ஆனால், மாடு மேய்க்க எத்தனை ஆள் வேண்டும்? பிள்ளைகள் பிழைப்பைத் தேடி நகரங்களுக்குப் போய்விட்டார்கள். 1900-ல் சேஸ் ஜில்லாவில் எட்டாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். 2020-ம் ஆண்டுக் கணக்குப்படி 2,572 பேர்தான்.

ஜனம் குறைந்தது. புல்லும் கோர்ட்டும் அப்படியே இருக்கின்றன. கலப்பையைத் தடுத்துப் புல்லைக் காப்பாற்றியது கல். கோர்ட்டுக்குச் சுவராக நிற்பதும் அதே கல்!

இன்றும் நிலப் பத்திரம் பதிய வருகிறவர்கள் அந்த மாளிகைக்குத்தான் வருகிறார்கள். தெருக் கோடியில் அது நிற்கிற வரையில், அந்தச் சின்ன ஊருக்கு ஒரு குறையும் இல்லை.