தெங்குமரஹாடாவுக்கு வந்த வாத்தியார்

கோத்தகிரியிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சுமார் 18 கிலோமீட்டர் போனால் கோடநாடு காட்சிமுனை. மேகம் விலகியிருந்தால், கீழே வெகு ஆழத்தில் மோயாறு வளைந்து ஓடுவதும் அதன் கரையில் வயலும் வீடுகளுமாக ஓர் ஊர் கிடப்பதும் தெரியும். அதுதான் தெங்குமரஹாடா. அரசாங்கக் கணக்கில் அது நீலகிரி மாவட்டம், கோத்தகிரி வட்டம். ஆனால் காட்சிமுனையில் நிற்பவர் அந்த ஊருக்குப் போக நினைத்தால், மலையை விட்டே இறங்கி, பவானிசாகர் பக்கம் சுற்றி, காட்டுப் பாதையில் பஸ்ஸில் குலுங்கி, கடைசியில் மோயாற்றைப் பரிசலில் கடக்க வேண்டும்.

அந்த ஊருக்கு 1970-களின் நடுவில் ஒரு சினிமாக் குழு போய் இறங்கியது. படம் ‘அன்னக்கிளி’. இயக்கம் தேவராஜ் – மோகன், கதை ஆர்.செல்வராஜ், திரைக்கதை, வசனம், பாடல் எல்லாம் பஞ்சு அருணாசலம். 1976-ல் படம் வந்தபோது ஊர் முழுக்கப் பேசியது புது இசையமைப்பாளர் இளையராஜாவைப் பற்றித்தான். அடுத்தபடி நாயகி சுஜாதாவைப் பற்றி. கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வரும் வாத்தியார் தியாகராஜனாக நடித்தவர் மூன்றாவதாகத்தான் பேசப்பட்டார். அன்னக்கிளி அவரிடம் மனசைக் கொடுக்கிறாள். அவருக்கும் அவள்மேல் ஆசைதான். ஆனாலும் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறார். தமிழ் சினிமாக் கதாநாயகன் செய்யக்கூடாத காரியம். சிவகுமார் செய்தார், பார்த்தவர்கள் அவரை வெறுக்கவும் இல்லை.

சினிமாக்காரர்களுக்கு நீலகிரி என்றால் ஏரி, தாவரவியல் பூங்கா, பனிமூட்டத்தில் ஒரு டூயட். ‘அன்னக்கிளி’ அதே மாவட்டத்தில் எடுக்கப்பட்ட படம். அதில் ஊட்டியின் குளிர் துளியும் இல்லை. கறுப்பு வெள்ளையில் மண்ணும் ஆறும் வெயிலும்தான். ஸ்டுடியோவுக்குள் போடப்பட்ட கிராமத்தைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது புதிது. சிவகுமாருக்கும் புதிதுதான். அதற்குப் பதினோரு வருடம் முன்பு அவர் நுழைந்த சினிமா வேறு மாதிரியானது.

கோவை மாவட்டம் சூலூர் பக்கம் காசிகவுண்டன்புதூரில் 1941 அக்டோபர் 27 அன்று பிறந்தவர் பழனிசாமி. அப்பாவைக் கைக்குழந்தையிலேயே இழந்து அம்மாவின் உழைப்பில் வளர்ந்தவர். ஓவியம் படிக்கத்தான் சென்னைக்கு வந்தார். எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்த அந்த வருடங்களில் ஊர் ஊராகப் போய்க் கோயில்களையும் கோபுரங்களையும் நேரில் உட்கார்ந்து வரைந்தார். அந்த நீர்வண்ண ஓவியங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நிழல் எங்கே விழுகிறது என்று பொறுமையாகப் பார்க்கிற கண் அது. சினிமாவுக்கு வராமல் இருந்தாலும் அந்தப் பெயர் நிலைத்திருக்கும் என்றே தோன்றுகிறது.

1965-ல் ஏ.சி.திருலோகசந்தர் இயக்கத்தில் ஏவி.எம். எடுத்த ‘காக்கும் கரங்கள்’ அவருடைய முதல் படம். பழனிசாமி, சிவகுமார் ஆனார். அடுத்த வருடமே ஜெமினியின் ‘மோட்டார் சுந்தரம் பிள்ளை’. சென்னைப் பெரிய ஸ்டுடியோக்களின் ஆட்சி முடிவதற்குச் சற்று முன்னால் உள்ளே வந்தவர் அவர். சொந்தத் தளம், சொந்த லேப், சம்பளத்துக்குத் தச்சர், பெயின்டர் என்று ஸ்டுடியோ ஒரு தொழிற்சாலையாக இயங்கிய காலம். மலை வேண்டுமென்றால் பின்திரையில் வரைவார்கள்; மழை வேண்டுமென்றால் குழாயில் வரும்.

அந்தத் தொழிற்சாலை அவருக்கு முதலில் கொடுத்த வேலை கடவுள் வேலை. ஏ.பி.நாகராஜனின் ‘சரஸ்வதி சபத’த்தில் திருமால், 1967-ல் ‘கந்தன் கருணை’யில் முருகன், ‘திருமால் பெருமை’யில் மறுபடி திருமால். முகவெட்டு அப்படி. நிறைய நகை, கிரீடம், சிரிப்பு மாறாத முகம். கடவுள் வேஷம் இல்லாதபோது தம்பி வேஷமோ பிள்ளை வேஷமோ கிடைத்தது: ‘காவல்காரனி’ல் எம்.ஜி.ஆருக்குத் தம்பி, சிவாஜியின் 125-வது படமான ‘உயர்ந்த மனித’னில் அவருக்குப் பிள்ளை. இரண்டு ஆலமரங்களுக்கு நடுவே முளைத்த செடி என்று அவரைச் சொல்வது வழக்கம். ஆனால் அந்த இரண்டு பேர் பக்கத்திலும் நின்று வசனம் பேசிப் பழகியதே பிற்காலத்துக்கான பயிற்சி ஆயிற்று. தான் தெரிவதைவிடக் காட்சி தெரிவது முக்கியம் என்பதை அங்கேதான் கற்றிருக்க வேண்டும்.

எழுபதுகளில் ஸ்டுடியோக்கள் தளர்ந்தன. கேமரா வெளியே வந்தது. கே.பாலசந்தரின் ‘அரங்கேற்றம்’, ‘சொல்லத்தான் நினைக்கிறேன்’ ஆகியவற்றில் நடுத்தர வர்க்கத்து இளைஞனாகவும், ‘அன்னக்கிளி’யில் வாத்தியாராகவும் சிவகுமாருக்குத் தனி இடம் அமைந்தது. அது பக்கத்து வீட்டு ஆண் என்ற இடம். அவர் பத்துப் பேரை அடித்தால் நம்பமாட்டோம். மனைவியிடம் பொய் சொல்லிவிட்டுத் திருதிருவென்று முழித்தால் உடனே நம்புவோம்.

இதைச் சரியாகக் கணித்தவர் எஸ்.பி.முத்துராமன். ‘புவனா ஒரு கேள்விக்குறி’ (1977) படத்தில், வில்லனாகப் பேர் எடுத்துக்கொண்டிருந்த ரஜினிகாந்துக்கு நல்லவன் வேஷத்தையும், முருகனாகக் கும்பிடப்பட்ட சிவகுமாருக்குப் பெண்ணை ஏமாற்றும் நாகராஜ் வேஷத்தையும் கொடுத்தார். ரஜினியின் வளர்ச்சியில் அந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பார்கள். சிவகுமாருக்கும் அதில் லாபம் இருந்தது. நல்ல முகத்துக்குப் பின்னால் கோழைத்தனத்தை ஒளித்து நடிக்க முடியும் என்று அவர் காட்டிய படம் அது. 1979-ல் அவருடைய நூறாவது படம் ‘ரோசாப்பூ ரவிக்கைக்காரி’. அதில் நாகரிகம் தேடி நழுவும் மனைவியின் வெகுளிக் கணவன். 1980-ல் ‘வண்டிச்சக்கர’த்தில் ரவுடி. 1985-ல் ‘சிந்து பைரவி’யில் ஜே.கே.பி. அந்தக் கர்நாடக சங்கீத வித்வான் குடியில் விழுந்து மானம் கெட்டு நிற்கும் காட்சிகளில், ஒரு முன்னணி நடிகர் தன்னைப் பற்றிய மரியாதையைத் துளியும் காப்பாற்றப் பார்க்கவில்லை. அதைச் செய்யத் துணிந்த கதாநாயகர்கள் அன்றைக்கு அதிகம் இல்லை.

கே.எஸ்.சேதுமாதவன் இயக்கிய ‘மறுபக்கம்’ வேறு கணக்கு. இந்திரா பார்த்தசாரதியின் கதை, தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் தயாரிப்பு. 1990-ம் ஆண்டுக்கான சிறந்த படம் என்ற தேசிய விருதைத் தமிழுக்கு முதன்முதலாகக் கொண்டுவந்த படம் அது. சிவகுமார் அதன் நாயகன். இந்தத் தகவல் இன்றைக்கும் பலருக்குத் தெரியாது.

தொண்ணூறுகளில் அவர் அப்பா ஆனார். ‘காதலுக்கு மரியாதை’யில் விஜய்க்கு அப்பா, 2000-ல் வந்த ‘உயிரிலே கலந்தது’ படத்தில் சொந்த மகன் சூர்யாவுக்கே அப்பா, ஜோடி ராதிகா. சினிமா அந்த வயது நடிகரிடம் கேட்பது நாலு காட்சி, ஒரு கண்டிப்பு, ஒரு கண்ணீர். அதே நேரத்தில் தொலைக்காட்சி கேட்டது வேறு.

1999 டிசம்பரில் சன் டி.வி.யில் ராதிகாவின் ராடான் நிறுவனம் தயாரித்த ‘சித்தி’ தொடங்கியது. இயக்கம் சி.ஜே.பாஸ்கர். ராதிகாவோடு சிவகுமாரும் அதில் நடித்தார். 2001 நவம்பர் வரை ஓடியது. நித்யஸ்ரீ பாடிய தலைப்புப் பாட்டு ஆரம்பித்தால், ராத்திரிச் சமையலைப் பாதியில் விட்டு ஓடிவந்தவர்கள் எத்தனையோ பேர். அதற்கு முன்பும் தமிழில் தொடர்கள் உண்டு. எண்பதுகளிலேயே ஏவி.எம்., சிவசங்கரியின் ‘ஒரு மனிதனின் கதை’யை ரகுவரனை வைத்துத் தூர்தர்ஷனுக்கு எடுத்தது. ஆனால் அவை வாரத்துக்கு ஒருமுறை வரும் விருந்தாளிகள். தினசரித் தொடர் குடித்தனக்காரர்.

கேபிளும் பிறகு டிஷ் ஆண்டெனாவும் மலைக்கு ஏறிய காலமும் அதுதான். நீலகிரித் தோட்டத்தில் லைன் வீடு என்பது ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொள்ளும் வரிசை வீடு. பகலெல்லாம் கொழுந்து பறித்து, இலை நிறுத்து, விறகும் தண்ணீரும் சேர்த்துவைத்துவிட்டு உட்காரும் பெண்ணுக்குத் தியேட்டர் என்றால் குன்னூரோ ஊட்டியோ போகவேண்டும். போக பஸ், திரும்பிவரப் பஸ், ஒரு நாள் சம்பளம். தியேட்டர் வெறும் ஆசையாக இருந்த வீட்டுக்குள் தினமும் ஒரு நடிகர் வந்து உட்கார்ந்தால், அவர் நடிகராக எத்தனை நாள் இருப்பார்? கொஞ்ச நாளில் உறவுக்காரர் ஆகிவிடுவார். நட்சத்திரங்களுக்கு இது ஒத்துவராது; அவர்களுக்குத் தூரம் வேண்டும். சிவகுமாருக்குத் தூரம் தேவைப்படவே இல்லை. தெங்குமரஹாடா வாத்தியாரை ஜனங்கள் மன்னித்த அதே காரணத்தால்தான் அவர் சின்னத்திரையில் எடுபட்டார் என்பது என் கணிப்பு. முகம் நம் வீட்டு முகம். அதன் பலவீனமும் நம் வீட்டுப் பலவீனம்.

தொழில் ரீதியாகவும் ஒரு பொருத்தம் இருந்தது. தொடருக்கான படப்பிடிப்பு பெரும்பாலும் வாடகை பங்களாவுக்குள் நடக்கும். திரை சிறியது என்பதால் கேமரா முகத்தை விட்டு விலகாது. சினிமாவில் ஒரு நாளைக்கு எடுக்கும் வசனத்தைப் போலப் பல மடங்கு பேச வேண்டும்; தப்பினால் மறுபடி எடுக்க நேரமில்லை. பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்து ஏற்ற இறக்கத்தோடு ஒரே மூச்சில் பேசும் பழக்கம், சிவாஜி காலத்துத் தளத்தில் நின்றவருக்குத்தான் கைவசம் இருக்கும்.

உலகம் முழுக்க இந்தக் கதைக்கு அண்ணன் தம்பிகள் உண்டு. எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் ஒப்பந்த நடிகையாக 1944-ல் ‘கேஸ்லைட்’ படத்தில் அறிமுகமான ஏஞ்சலா லான்ஸ்பரி, நாற்பது வருடம் கழித்து ‘மர்டர், ஷி ரோட்’ தொடரில் துப்பறியும் எழுத்தாளராக வந்து 1996 வரை கொடிகட்டிப் பறந்தார். இங்கே, பாம்பே டாக்கீஸில் லேப் வேலைக்குச் சேர்ந்து 1936-ல் கதாநாயகன் ஆன அசோக் குமார், 1984-ல் தூர்தர்ஷனின் ‘ஹம் லோக்’ தொடரில் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் தோன்றி, ஒரு தாத்தாவைப் போல நடந்ததைப் பற்றிப் பேசினார். பிள்ளைகள் தங்கள் காதல் கல்யாணத்துக்கு அப்பா அம்மாவைச் சம்மதிக்கவைக்கச் சொல்லி அவருக்குக் கடிதம் எழுதினார்களாம். தமிழில் எஸ்.என்.லட்சுமி, ஸ்டுடியோ நாட்களில் தொடங்கி, கடைசிக் காலத்தில் ‘தென்றல்’ தொடரின் பாட்டியாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தார். 2012-ல் அவர் இறந்தபோது இளவட்டங்கள் அந்தத் தொடரின் பெயரைச் சொல்லித்தான் அவரை அடையாளம் காட்டினார்கள்.

‘சித்தி’க்குப் பிறகு 2002-ல் ராதிகாவுடனேயே ‘அண்ணாமலை’. 2005-ல் அதுவும் முடிந்தது. 190-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்துவிட்டிருந்த சிவகுமார், நாற்பது வருடம் போட்ட அரிதாரம் போதும் என்று விலகிக்கொண்டார். வாய்ப்பு இல்லாமல் ஒதுங்குவது இந்தத் தொழிலில் சகஜம். வாய்ப்பு இருக்கும்போதே நிறுத்திக்கொள்வது அபூர்வம்.

மனப்பாடம் மட்டும் அவரை விடவில்லை. கம்பராமாயணத்திலிருந்து நூறு பாடல்களை எடுத்துக்கொண்டு, கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லாமல், இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கதை சொன்னார். பிறகு மகாபாரதத்தையும் அதேபோல. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். ‘கந்தன் கருணை’யைப் பார்த்திராதவர்கள், ‘சித்தி’ ஓடியபோது சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள். அந்தப் பேச்சுகளும் பதிவாகித் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. 2020 ஜனவரியில் ‘சித்தி 2’ தொடங்கியபோது ராதிகா திரும்ப வந்தார். சிவகுமார் அதில் இல்லை.