பிரேக் வட்டை எப்போது மாற்ற வேண்டும்?

மாணவர்களே! தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாகக் கொல்லம் செல்லும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் உங்களில் பலர் பயணம் செய்திருப்பீர்கள். புளியரையைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து மலையேறுகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியே கேரளத்துக்குள் இறங்குகிறது. ஏறும்போது உழைப்பது எஞ்சின். இறங்கும்போது உழைப்பது பிரேக். பாரம் ஏற்றிய லாரிக்கும் விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் இது பொது விதி.

பிரேக் என்பது ஆற்றலை அழிக்கும் கருவி அன்று. ஆற்றலை அழிக்க முடியாது என்பது நீங்கள் படித்ததுதானே? வண்டியின் இயக்க ஆற்றலை உராய்வின் மூலம் வெப்பமாக மாற்றுவதே அதன் வேலை. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஒரு வார்ப்பிரும்பு வட்டை இருபுறமும் இரண்டு பட்டைகள் இறுகப் பிடிக்கின்றன. பிறக்கும் வெப்பத்தில் பெரும்பகுதியை வட்டு வாங்கிக்கொண்டு, பிறகு காற்றில் விடுகிறது.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 1000 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 72 கி.மீ., அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதன் இயக்க ஆற்றல் 2 லட்சம் ஜூல். முன்சக்கர வட்டுகள் இரண்டும் சேர்ந்து 10 கிலோகிராம் என்றும், வெப்பம் முழுவதும் அவற்றிலேயே தங்குவதாகவும் கொள்வோம். வார்ப்பிரும்பின் தன்வெப்பம் ஏறக்குறைய 460. ஆகவே, ஒருமுறை வண்டியை நிறுத்தினால் வட்டின் வெப்பநிலை சுமார் 43 டிகிரி செல்சியஸ் உயரும். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. வெப்பமும் நான்கு மடங்கு. ஸ்போர்ட்ஸ் காரின் வட்டு விரைவில் தேய்வது ஏன் என்று இப்போது புரிகிறதா?

அதே கார் 100 மீட்டர் உயரம் இறங்கினால் அது இழக்கும் நிலை ஆற்றல் 10 லட்சம் ஜூல். அது ஐந்து முறை நிறுத்துவதற்குச் சமம்! பிரேக்கை மட்டுமே அழுத்திக்கொண்டு வந்தால் வட்டு 200 டிகிரிக்கு மேல் சூடேறலாம். கீழ் கியரில் இறங்கினால் எஞ்சினும் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். சூடு அளவு மீறினால் பட்டைகளின் பிடி தளரும். பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கக்கூடியது. ஆகவே காலால் எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது.

மூடிய டிரம் பிரேக்கில் சூடு உள்ளேயே தங்கும். திறந்த வட்டு விரைவில் ஆறும். 1902இல் இங்கிலாந்தின் லான்செஸ்டர் வட்டு பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1953இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வட்டு பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்றதும் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது.

வட்டை எப்போது மாற்ற வேண்டும்? ஒவ்வொரு வட்டுக்கும் ஒரு குறைந்தபட்சத் தடிமன் உண்டு. பெரும்பாலும் அதை வட்டின் மீதே பொறித்திருப்பார்கள். புதிதில் 12 மி.மீ., எல்லை 10 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தேய்ந்தது 2 மி.மீ.தானே என்று எண்ணாதீர்கள். வெப்பத்தை வாங்கும் இரும்பில் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது! முன்பு 43 டிகிரி சூடேறிய வட்டு இனி 52 டிகிரி சூடேறும். மெலிந்த வட்டு விரிசல் விடவும் கூடும்.

தடிமனை அளக்க, உங்கள் பள்ளி ஆய்வகத்தில் உள்ள திருகு அளவியின் தத்துவமே உதவுகிறது. வெர்னியர் அளவி போதாதா? பட்டை படாத வெளி விளிம்பு தேயாமல் வரம்பு போல் உயர்ந்து நிற்கும். வெர்னியரின் தட்டையான தாடைகள் அதன்மேல் உட்கார்ந்து, உண்மையைவிட அதிகத் தடிமனைக் காட்டிவிடும். திருகு அளவியின் முனைகளோ வரம்பைத் தாண்டி, தேய்ந்த இடத்தையே தொடும்.

தடிமன் மட்டும் போதாது. ஆழமான விரிசல், விரல் நகம் சிக்கும் பள்ளங்கள், பிரேக் போடும்போது ஸ்டியரிங் நடுங்குவது ஆகியவையும் எச்சரிக்கைகளே. சில ஸ்போர்ட்ஸ் கார்களில் கார்பன்-செராமிக் வட்டுகள் உண்டு. மிகு வெப்பத்தில் அவற்றிலுள்ள கார்பன் மெல்ல எரிந்து போவதால், எடை குறைந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

குற்றாலச் சாரலில் இரவு முழுதும் நின்ற காரின் வட்டில் காலையில் செந்நிறத் துரு படிந்திருக்கும். பயம் வேண்டாம். அது மேற்பரப்பில் படிந்த மெல்லிய துரு. சில முறை பிரேக் போட்டதும் போய்விடும். ஆனால் மலையிறங்கி வந்த சூடான வட்டின்மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஒருபக்கம் திடீரெனச் சுருங்கினால் இரும்பு விரியும் அபாயம் உண்டு.

உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளில் வட்டு பிரேக் இருந்தால், வண்டி நன்றாக ஆறிய பிறகு அதன் விளிம்பைப் பாருங்கள். வரம்பு தெரிகிறதா? பொறித்த எண் எவ்வளவு? அடுத்த மலைப் பயணத்துக்கு முன் அந்த எண்ணை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி, மெக்கானிக்கிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.