உங்களுக்குத் தெரியுமா? டோல்கேட் முதல் தேரிக்காடு வரை: எந்த மண்ணுக்கு எந்த டயர்?

நாலு சக்கரத்துக்கும் இழுவை உள்ள ஜீப் வகை வண்டி வாங்கியவர்கள் பலர் முதலில் கை வைப்பது டயரில்தான். கம்பெனி டயரைக் கழற்றிவிட்டு, பெரிய பெரிய பட்டன் வைத்த ஆல்-டெரெய்ன் டயரை மாட்டிவிடுகிறார்கள். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் வண்டிக்கும் தரைக்கும் நடுவே இருப்பது நாலு உள்ளங்கை அகல ரப்பர். அதைத் தோற்றத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

● இந்தியாவின் பெரிய டயர் கதைகளில் ஒன்று வடசென்னை டோல்கேட்டுக்குப் பக்கத்திலேயே தொடங்கியது. 1946இல் கே.எம்.மம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார். 1952இல் தேய்ந்த டயருக்கு மேல் ஒட்டும் ட்ரெட் ரப்பருக்கு மாறினார். அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் முதல் டயர் வெளிவந்தது. 1963இல் திருவொற்றியூர் ஆலையின் ரப்பர் ஆராய்ச்சி மையத்துக்கு அடிக்கல் நாட்ட வந்தவர் பிரதமர் நேரு. 1967இல் டயர் அமெரிக்காவுக்கே கப்பல் ஏறியது. மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி என்ற பெயரின் சுருக்கம்தான் எம்.ஆர்.எஃப்.

● பலூன் கொட்டகை தொடங்கிய அதே 1946இல்தான் பிரான்சின் மிஷெலின் நிறுவனம் ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்றது. ரேடியல் அமைப்பில் ஆல்-டெரெய்ன் டயர் வர அதற்குப் பிறகு 30 ஆண்டு ஆனது. அமெரிக்காவின் பி.எஃப்.குட்ரிச் நிறுவனம் 1976இல் அதைக் கொண்டுவந்தது. இன்று ஷோரூமிலிருந்து வரும் மஹிந்திரா தார் வண்டியிலேயே சில மாடல்களுக்கு ஆல்-டெரெய்ன் டயர்தான் போட்டுத் தருகிறார்கள்.

● டயர் பாடம் படிக்க டோல்கேட்டில் கொஞ்ச நேரம் நின்றாலே போதும். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரி ஒன்று சிக்னலில் நிற்கும்போது முன் சக்கரத்தைப் பாருங்கள். நீளவாக்கில் நேர்க்கோடாகப் பள்ளங்கள் ஓடும். அது ஸ்டீயரிங் சொன்னபடி நேராகப் போக, மழைநீரைப் பின்னால் தள்ள. இன்ஜின் இழுக்கும் பின் சக்கரத்தில் பல லாரிகளில் குறுக்குவாட்டில் தடித்த கட்டைகள் இருக்கும். அது தரையைக் கவ்வி இழுக்க. ஆல்-டெரெய்ன் டயர் இந்த இரண்டு வேலையையும் ஒரே டயரில் அடக்கப் பார்க்கிறது. அதனால் இரண்டிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். டயர்க்காரர் "எல்லாத்துக்கும் ஏத்தது சார்" என்று சொன்னால், தார்ச்சாலையில் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்று கேளுங்கள்.

● எச்.டி., ஏ.டி., எம்.டி. என்று மூன்று வகை. எச்.டி. நெடுஞ்சாலைக்கு, சத்தம் குறைவு, மைலேஜ் அதிகம், ஈரத் தார்ச்சாலையில் பிரேக் பிடித்தால் பொதுவாகச் சீக்கிரம் நிற்கும். எம்.டி. சேற்றுக்கு, நெடுஞ்சாலையில் இரைச்சல் தாங்காது. நடுவில் ஏ.டி., அதாவது ஆல்-டெரெய்ன். மாதத்தில் ஒரு முறை மட்டும் மண் பாதையைத் தொடுபவருக்கு நல்ல எச்.டி. டயரே போதும் என்பதுதான் என் கருத்து. பண்ணை வீடு, குவாரி, மலைக்கிராமம் என்று வாரா வாரம் போகிறவருக்கு ஏ.டி. கொடுத்த காசுக்கு உழைக்கும்.

● கொல்லிமலைக்குப் போக ஏ.டி. டயர் வேண்டும் என்று நினைக்கிறீர்களா? மேலே ஏறும் 70 கொண்டை ஊசி வளைவும் தார்ச்சாலைதான். அங்கே தேவை நல்ல பிரேக்கும், தேயாத டயரும், கீழே இறங்கும்போது குறைந்த கியரும்.

● தமிழ்நாட்டு மண் ஒவ்வொன்றும் டயரை ஒவ்வொரு விதமாகச் சோதிக்கும். ஓட்டப்பிடாரம், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலைப் பாருங்கள். காய்ந்திருக்கும்போது கல் மாதிரி இறுகி, வெடிப்பு விட்டுக் கிடக்கும். எந்த டயரும் ஓடும். ஒரு மழை பெய்தால் அந்தக் களிமண் தண்ணீரைக் குடித்து உப்பி, பசை போல ஒட்டும். ஏ.டி. டயரின் பட்டன்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சில சுற்றுகளிலேயே அடைந்துபோகும். அதன் பிறகு மொட்டை டயரும் ஏ.டி. டயரும் ஒன்றுதான். அகலமான இடைவெளி விட்ட எம்.டி. டயர் சுழலும் வேகத்தில் சேற்றை வீசி எறிந்து தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். ஏ.டி.யால் அந்த அளவுக்கு முடியாது. கரிசலில் மழை நின்றதும் ஒரு நாள் வெயில் காயக் காத்திருப்பது எந்த டயரையும்விட மேலானது.

திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டில் கதை தலைகீழ். அந்தச் செம்மணலில் ஆழமான பட்டன் உதவாது. மணலைத் தோண்டிக்கொண்டு கீழே இறங்கும். அங்கே காப்பாற்றுவது பட்டன் அல்ல, காற்றைக் குறைப்பது. 32 பி.எஸ்.ஐ. இருக்கும் டயரை 15 முதல் 18 வரை இறக்கினால், டயர் பரந்து, தரையில் படியும் பகுதி நீளும். மணல்மேல் வண்டி மிதந்து போகும். மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், திடீரென்று ஸ்டீயரிங்கை ஒடிக்கக் கூடாது. இல்லாவிட்டால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டு விலகிவிடும். தார்ச்சாலை ஏறுவதற்கு முன் மறுபடி காற்று பிடித்தே ஆக வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும். ஆகவே மணலுக்குப் போகிறவர் ஏ.டி. டயர் வாங்குவதற்கு முன் ஒரு சிறிய கம்ப்ரசரும் காற்று அளக்கும் கேஜும் வாங்கட்டும்.

● டயர் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் கடையில் யாரும் ஏமாற்ற முடியாது. மாருதி ஜிம்னியின் டயர் 195/80 ஆர்15. 195 என்பது அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் டயரின் மொத்த உயரம் 693 மி.மீ. பலர் இதற்குப் பதில் 215/75 ஆர்15 போடுகிறார்கள். அது சுமார் 703 மி.மீ. ஒன்றரை சதவீதம்தான் கூடுதல், பெரிய சிக்கல் இல்லை. 235/75 ஆர்15 போட்டால் 733 மி.மீ. ஆகிவிடும், கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடுதல். அப்போது ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 85ஐ நெருங்கி ஓடும். இழுவை குறையும், திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசும். 3 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள்.

● அளவுக்குப் பக்கத்தில் 109டி, 100எஸ் என்பதுபோல ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். எண், ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லும்: 100 என்றால் 800 கிலோ, 109 என்றால் 1,030 கிலோ. எழுத்து வேக வரம்பு: கியூ 160, எஸ் 180, டி 190 கிலோமீட்டர். கம்பெனி டயரில் இருப்பதைவிடக் குறைந்த எடை எண்ணை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

● "எம்+எஸ்" என்ற முத்திரையைப் பார்த்துச் சேற்றுக்கும் பனிக்கும் சோதித்த டயர் என்று நம்பிவிட வேண்டாம். பட்டன் அமைப்பை வைத்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் முத்திரை அது. மூன்று சிகரம் உள்ள மலைக்குள் பனிப்பூ வரைந்த படம் இருந்தால்தான் பனியில் சோதித்துத் தேறியது என்று பொருள். பனிக்காலத்தில் லடாக், ஸ்பிதி போகிறவர்களுக்கு அது தேவை. நமக்குத் தேவை ஐ.எஸ்.ஐ. முத்திரை, அது இல்லாத டயரை இந்தியாவில் விற்கவே கூடாது.

● டயருக்கும் பிறந்த தேதி உண்டு. டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கம் அதுதான். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். அதிகம் விற்காத அளவுகள் கோடவுனில் நெடுநாள் தங்கிவிடும் என்பதால் ஏ.டி. வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பட்டன் தேயாமல் புதிதுபோல இருந்தாலும் ரப்பர் வயதாகி இறுகும். ஐந்து ஆண்டுக்கு மேல் ஆன டயரை ஆண்டுதோறும் டயர்க் கடையில் காட்டுங்கள். பத்து ஆண்டு ஆனால் கழற்றிவிடுங்கள்.

● ஏ.டி. டயரின் பட்டன்களை உற்றுப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவில் இருக்காது. சிறிதும் பெரிதுமாகக் கலந்திருக்கும். ஒரே அளவில் இருந்தால் சாலையில் தட்டும் ஓசை ஒரே சுருதியில் சேர்ந்து ஊளையிடும். அளவைக் கலைத்துவிட்டால் சத்தம் சிதறிவிடும். அப்படியும் எச்.டி.யைவிட இரைச்சல் இருக்கத்தான் செய்யும். எடையும் கூடும், மைலேஜ் குறையும்.

● எண்ணூர் நெடுஞ்சாலை பக்கத்தில் ஓட்டுகிறவர்களுக்கு ஏ.டி. டயர் தரும் உண்மையான நன்மை பட்டனில் இல்லை, பக்கச்சுவரில். சாலை ஓரம் உடைந்த விளிம்பு, கூரான கல், கன்டெய்னர் வண்டிகள் உதிர்த்த இரும்புத் துண்டு எல்லாம் டயரின் பக்கத்தைக் கிழிக்கும். நடுவில் ஆணி ஏறினால், ஓட்டை 6 மி.மீ.க்குள் இருந்தால் பஞ்சர் கடையில் உள்ளிருந்து பேட்ச் போட்டுச் சரிசெய்யலாம். பக்கச்சுவர் கிழிந்தால் டயர் போச்சு. அதனால் பக்கச்சுவரில் எத்தனை அடுக்கு என்று கேட்டு வாங்குங்கள். மூன்று அடுக்கு உள்ளவை தாங்கும்.

● கடல் காற்றின் உப்பு டயரைவிட ரிம்மைத்தான் அரிக்கும். ரிம் விளிம்பு அரித்தால் டியூப்லெஸ் டயரில் மெல்ல மெல்லக் காற்று இறங்கும். காசிமேடு, திருவொற்றியூர்க்காரர்கள் வாரம் ஒரு முறை ரிம்மை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், காற்றையும் பாருங்கள்.

● வெள்ளத்தில் ஏ.டி. டயர் காப்பாற்றும் என்பது தவறான நம்பிக்கை. எவ்வளவு ஆழத் தண்ணீரில் போகலாம் என்பதைத் தீர்மானிப்பது இன்ஜின் காற்று இழுக்கும் குழாயின் உயரம். தார் வண்டிக்கே 650 மி.மீ.தான் வரம்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவியது நினைவிருக்கும். எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பி வலுவிழக்கும். அப்படிப்பட்ட தண்ணீரில் போக நேர்ந்தால், அன்றே டயரைச் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள்.

● நாலு டயர் வாங்கினால் போதாது, ஐந்து வாங்குங்கள். ஸ்டெப்னி மட்டும் பழைய அளவில் இருந்தால், பஞ்சர் ஆன இடத்தில் அதை மாட்டிக்கொண்டு நாலு சக்கர இழுவையைப் போடக்கூடாது. உயரம் வேறுபட்ட சக்கரங்கள் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுழன்று கியர்ப் பெட்டியை முறுக்கும். ஐந்தையும் முறை வைத்து மாற்றி ஓட்டினால் ஒரே சீராகத் தேயும்.

● பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் காருக்கு அந்த டயர் சட்டப்படி செல்லாது. பள்ளத்துக்குள் குறுக்கே ஒரு சிறிய மேடு வைத்திருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் காலம் முடிந்தது. மண் பாதைக்கு அதற்கு வெகு முன்பே மாற்றிவிட வேண்டும். பாதி தேய்ந்த ஏ.டி. டயர் சேற்றில் எச்.டி. டயர்தான்.

● திருவொற்றியூர், எண்ணூர் கடற்கரை மணலில் புது டயரைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் சென்னைக் கரையில் ஏறி முட்டையிடும். 2025 ஜனவரியில் இந்தக் கரையோரம் முழுக்க நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. மிஞ்சியவற்றின் முட்டைமேல் டயர் ஏற்றக் கூடாது.

● புது டயர் மாட்டியதும் பழைய டயர்கள் என்ன ஆகின்றன? 2022ஆம் ஆண்டின் விதிப்படி கழிவு டயரை மறுசுழற்சி செய்ய வைக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. மொட்டை மாடியில் போட்டு வைத்தால் மழைநீர் தேங்கி டெங்கு கொசு வளரும். தெருவில் விட்டால் போகியன்று தீக்குப் போகும். 2018 போகிப் புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தாமதமாயின. பழைய ஐந்து டயரையும் புது டயர் வாங்கும் கடையிலேயே ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.