நாளத்துட் குழாயும் குருதிக்கட்டியும்

மன்னார் – பூநகரி வீதியில் அமைந்த இலுப்பைக்கடவையிலிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குச் செல்வோருக்கு, 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் வழி குறுகிற்று. ஆயினும் மருந்தேற்றும் நெடுநாட் குழாயைப் பெருநாளத்துள் தாங்கி ஊர் திரும்புவோருக்கு அத்தூரம் வேறொரு வடிவில் எஞ்சியே நிற்கின்றது.

நாளச் சுவரின் காயம், ஓட்டத்தின் தளர்ச்சி, குருதியின் உறையுந்தன்மை மிகுதல் ஆகிய மூன்றும் உறைவுக்குக் காரணங்களென விர்ச்சோவின் பெயரால் வழங்குவர். முதலிரண்டையும் குழாய் தருகின்றது. மூன்றாவதைப் புற்றுநோய் தருகின்றது.

கட்டி எங்குள்ளது என்பதே சிகிச்சையை நிர்ணயிக்கும். குழாயினுள்ளே எனின், மருந்து ஏறாது, குருதியும் எடுக்கவராது, கை வீங்குவதில்லை. அந்நிலையில் அல்டிப்பிளேஸ் என்னும் கரைமருந்தில் 2 மில்லிகிராம் குழாய்க்குள் விடப்பட்டு, அரைமணி முதல் இரண்டு மணிநேரத்தின் பின் வெளியே இழுக்கப்படும்.

நாளத்திலே கட்டி உண்டாயின் கையும் கழுத்தும் வீங்கி நோகும். மார்பின் மேல்நாளங்கள் புடைக்கும். ஸ்கான் மூலம் அதனை உறுதிசெய்வர். உடனே குழாயைப் பிடுங்கிவிட வேண்டுமெனப் பலர் எண்ணுவர். அது தவறு. குழாய் இயங்குகிறது, இன்னும் தேவைப்படுகிறது, கிருமித்தொற்று இல்லை எனின் அதனை விட்டுவைத்தே உறைவெதிர் மருந்து கொடுக்கலாம். பிடுங்கினால் இன்னொரு நாளத்தைத் தேடவேண்டிவரும். இம்மருந்து கட்டியைக் கரைப்பதன்று, வளரவிடாது தடுப்பது. கரைக்கும் வேலையை உடலே செய்கின்றது. குறைந்தது மூன்று மாதம், குழாய் அதற்குமேலும் இருப்பின் அது உள்ளவரை, மருந்து தொடரவேண்டும்.

எம்மருந்து என்பதிலேதான் ஊரின் நிலை குறுக்கிடுகின்றது. ஹெப்பரின் வகை ஊசியை நாள்தோறும் ஏற்றவேண்டும். வார்பரின் மலிவானது, ஆனால் ஐ.என்.ஆர். அளவு 2க்கும் 3க்கும் இடையில் நிற்கிறதா என அடிக்கடி குருதி சோதிக்கவேண்டும். இலவச மருத்துவம் பேருந்துக் கட்டணத்தையும் இழந்த நாட்கூலியையும் கணக்கிற் கொள்வதில்லை. முருங்கையிலையை அறவே விலக்கவேண்டியதில்லை. ஒருவாரம் மிகுதியாகவும் மறுவாரம் இல்லாமலும் உண்பதே அளவைக் குலைக்கும். அபிக்சபான் முதலிய புதிய மாத்திரைகளுக்கு இச்சோதனை வேண்டாமாதலால் தொலைவிலுள்ளோருக்கு அவை பெரிதும் உகந்தவை. எனினும் குடல், இரைப்பைப் புற்றுநோயுள்ளோரிற் குருதிப்போக்கை அஞ்சியும், சிறுநீரகம் பழுதுற்றோரில் அளவை ஆராய்ந்துமே வைத்தியர் அவற்றை வழங்குவர்.

குளிர்காய்ச்சல் கண்டால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுநோவோ ஏற்படின் கட்டி நுரையீரலை அடைந்திருக்கலாம். அவ்வேளை பேருந்துக்குக் காத்திராது 1990 இலக்கத்தை அழைத்து நோயாளர் வண்டியைப் பெறல்வேண்டும்.