பசுக்களுக்கு வரும் பால் காய்ச்சல்

மதுரைச் சீமையின் நாட்டு மாடாகிய புலிக்குளம் உழவுக்குப் பேர்போனது. பால் சிறிதளவே கறக்கும். இன்று மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டிப் பகுதிகளில் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றும் குடும்பங்கள் பல ஜெர்சிக் கலப்பினப் பசுக்களை நம்பியிருக்கின்றன. பால் பெருகியது, அதனுடன் பால் காய்ச்சல் என்னும் நோயும் தொழுவத்துக்குள் புகுந்தது.

இப்பெயர் நம்மை ஏமாற்றக்கூடியது. இந்நோயில் உடல் சுடுவதில்லை. ஈன்ற மூன்று நாட்களுக்குள் பசு தள்ளாடிப் படுத்துவிடும். கழுத்தை வளைத்துத் தலையை விலாப்புறம் சாய்த்துக்கொள்ளும். காதுகள் சில்லிடும், சாணம் நின்றுவிடும், வயிறு உப்பும். கவனியாது விட்டால் சில மணி நேரத்தில் நினைவிழந்து மடியும்.

காரணம், இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்துக் குறைவதே. பசுவின் இரத்தநீரில் எந்நேரமும் இருப்பது ஏறத்தாழ 3 கிராம். 10 லிட்டர் சீம்பாலிலோ 20 கிராமுக்கு மேல் வெளியேறுகிறது. எலும்பில் சேமிப்பு ஏராளமாக உண்டு. அதை எடுத்துக் கொடுக்க உடலுக்கு ஓரிரு நாள் பிடிக்கிறது. வயது ஏற ஏற எலும்பு மெதுவாகவே விட்டுக்கொடுக்கும். மூன்றாம் ஈற்றுக்கு மேற்பட்ட, அதிகம் கறக்கும் பசுக்களையே இந்நோய் பெரிதும் பற்றுவது இதனால்தான்.

டென்மார்க்கில் ஷ்மிட் என்னும் கால்நடை மருத்துவர் 1897-ல் மடிக்குள் மருந்து நீரைச் செலுத்திப் பசுக்களைப் பிழைக்க வைத்தார். பின்னர் மடியில் காற்றடைத்தாலே போதும் எனக் கண்டனர். பால் சுரப்பு தடைப்பட்டதே குணத்துக்குக் காரணம் என்பது, 1925-ல் ஸ்காட்லாந்தில் டிரையர், கிரெய்க் இருவரும் சுண்ணாம்புச் சத்துக் குறைவை எடுத்துரைத்த பின்னரே விளங்கிற்று.

இன்றைய மருந்து கால்சியம் போரோகுளுக்கோனேட்டு. இரத்தக் குழாயில் வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். ஆகவே மருத்துவரே மெதுவாக ஏற்றவேண்டும். மருந்து ஏறும்போதே ஏப்பம் விட்டுச் சாணமிடும் பசு சிறிது நேரத்தில் எழுந்து நிற்பதைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

மருத்துவர் வரும்வரை பசுவைப் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்க விடாமல், வைக்கோல் மூட்டைகளை அணைகொடுத்து நிமிர்த்தி வையுங்கள். வாயில் எதையும் புகட்டலாகாது. விழுங்கும் ஆற்றல் குன்றியிருப்பதால் கஷாயம் நுரையீரலுக்குள் சென்றுவிடும். நோய்க்குத் தப்பிய பசு இதனால் சாவதுண்டு.

சினையின் கடைசி மூன்று வாரங்களில் சுண்ணாம்புச் சத்தை மிகுதியாகக் கொடுத்தால் நோய் குறைவதில்லை, கூடுகிறது. வெளியிலிருந்து தாராளமாகக் கிடைப்பதால் எலும்பிலிருந்து எடுக்கும் பழக்கத்தை உடல் மறந்துவிடுகிறது. எனவே அப்போது தாது உப்புக் கலவையை மருத்துவரைக் கேட்டே அளவிடுக; ஈன்ற பிறகு குறைவின்றிக் கொடுக்கலாம். முதல் இரண்டு நாள் மடியை ஒட்டக் கறவாதிருப்பதும் நலம்.

ஊராட்சி உறுப்பினர்கள், கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கும் 1962 என்ற எண்ணைப் பால் சங்கச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதச் செய்யலாம்; அருகில் கால்நடை மருந்தகத்தின் எண்ணும் இருக்கட்டும்.