டிபேஸைத் தந்த ஆஷ்டன்-டேட்

ஆஷ்டன்-டேட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பெயரைத் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் கேள்விப்பட்டவர்கள் குறைவு. அது விற்ற டிபேஸ் என்ற தரவுத்தள மென்பொருளை விரல்நுனியில் வைத்திருந்தவர்கள் ஏராளம். 1984இல் மத்திய அரசின் புதிய கணினிக் கொள்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபின் சிற்றூர்களிலும் கம்ப்யூட்டர் சென்டர்கள் முளைத்தன. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்கள் பலவும் ஓரிரு கணினிகளை வாங்கிப் போட்டன. வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் ஆகிய மூன்றுமே அங்கு முதன்மைப் பாடங்கள்.

டிபேஸ் செய்த வேலையை நெல் கொள்முதல் நிலையப் பதிவேட்டைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். விவசாயியின் பெயர், ஊர், ரகம், ஈரப்பதம், மூட்டை, தொகை என்று ஆளுக்கொரு வரி. ஒரத்தநாட்டிலிருந்து வந்த பொன்மணி நெல் மொத்தம் எத்தனை மூட்டை என்று கேட்டால், நோட்டில் பக்கம் பக்கமாகத் தேடிக் கூட்டவேண்டும். டிபேஸில் ‘சம்’ என்று தொடங்கும் ஒற்றை வரிக் கட்டளை போதும். நிரல் எழுதிப் பழகாத கணக்கரும் சில வாரங்களில் கற்றுக்கொள்ளக்கூடிய மொழி அது. அதன் உண்மையான பெருமையும் இதுதான்.

அதை எழுதியவர் வேய்ன் ராட்லிஃப். கலிஃபோர்னியாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் பணியாற்றிய அவர், அங்கிருந்த ஜேபிஎல்டிஸ் என்ற மென்பொருளைப் பார்த்து, 1970களின் இறுதியில் தன் வீட்டுக் கணினிக்கு ‘வல்கன்’ என்ற மென்பொருளை உருவாக்கினார். தனியாளாக விற்றுப் பார்த்தார், போணியாகவில்லை. ஜார்ஜ் டேட், ஹால் லாஷ்லீ என்ற இரு வணிகர்கள் விற்பனை உரிமையைப் பெற்று, 1981இல் டிபேஸ் II என்ற பெயரில் 695 டாலருக்குச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். டிபேஸ் I என்று ஒன்று வெளிவரவே இல்லை. இரண்டு என்று போட்டால் தேறிய சரக்காகத் தெரியும் என்பது கணக்கு. அவர்கள் நிறுவனத்துக்கு வைத்த பெயரே ஆஷ்டன்-டேட்; அதில் ஆஷ்டன் என்று யாரும் இல்லை. 1983இல் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. மறு ஆண்டு டேட் மாரடைப்பால் காலமானார். பின்னர் எட் எஸ்பர் தலைமைப் பொறுப்பேற்றார். 1986இல் வந்த டிபேஸ் III பிளஸ் நிறுவனத்தை உச்சிக்கு ஏற்றியது. இந்தியாவில் அது பெரும்பாலும் பிளாப்பிக்குப் பிளாப்பி நகலாகவே பரவியது.

வீழ்ச்சி 1988இல் தொடங்கியது. அந்த அக்டோபரில் பிழைகள் மலிந்த டிபேஸ் IV வெளிவந்தது. திருத்திய பதிப்பு வர 1990 ஆகிவிட்டது. அதே மொழியை இன்னும் வேகமாக இயக்கிய கிளிப்பர், ஃபாக்ஸ்பேஸ் ஆகியவற்றின் பக்கம் நிரலாளர்கள் சாய்ந்தனர். பிழைகளைத் திருத்துவதில் காட்டவேண்டிய முனைப்பை நிறுவனம் நீதிமன்றத்தில் காட்டியது: மொழியே தன் சொத்து என்று 1988 நவம்பரில் ஃபாக்ஸ்பேஸைத் தயாரித்த ஃபாக்ஸ் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. பல்லாயிரம் பேர் தங்கள் பிழைப்பை அந்த மொழியில் அமைத்துக்கொண்டிருந்த நேரத்தில் இது பெரும் பிசகு. ஜேபிஎல்டிஸிலிருந்து பிறந்ததை மறைத்ததால் டிபேஸின் பதிப்புரிமையே செல்லாது என்று 1990 டிசம்பரில் நீதிபதி தீர்ப்பளித்தார். சில மாதங்களில் அதை அவரே திரும்பப் பெற்றார். அதற்குள் நிறுவனம் தளர்ந்திருந்தது. 1991இல் போர்லாண்ட் அதைச் சுமார் 44 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது.

ஃபாக்ஸை 1992இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. கம்ப்யூட்டர் சென்டர்களின் பாடத்தில் டிபேஸ் இருந்த இடத்துக்கு ஃபாக்ஸ்பேஸின் வழிவந்த ஃபாக்ஸ்புரோ வந்தது. அதன் கடைசிப் பதிப்பு 2004இல் வெளிவந்தது. டிபேஸின் ‘டிபிஎஃப்’ கோப்பு வடிவம் இன்றும் புழக்கத்தில் உள்ளது. ஆறு, வாய்க்கால், நில எல்லைகளை வரைபடமாக்கும் மென்பொருள்கள் கையாளும் ஷேப்ஃபைலில், ஒவ்வொரு வாய்க்காலின் பெயரும் நீளமும் அந்த வடிவத்தில்தான் பதிவாகின்றன.